நீர் ஊறும் குழி

ஆமாம் சாமி, வாசித்துக் காட்டினீர்களே,
அதன் முதல் பக்கத்தில் ஒரு புள்ளிகூடப் பொய்யில்லை.
மூன்று அடக்கம். மூன்றுக்கும் கஸ்பார் சாமியார் வரவில்லை.
துக்க மணி அடித்தவன் நான்,
குழி வெட்டியவனும் நான்.
மணிக்கயிற்றை விட்டு மண்வெட்டியை எடுக்கும்போது
சாயல்குடிப் பாதையில் அவர் சைக்கிள் போகும்,
அங்கி உப்பி,
பின்காற்று வாங்கிய பாய் மாதிரி.

சித்திரையில் கித்தேரியின் பிள்ளை,
ஏழு நாள் உயிர்; ஞானஸ்நானம் மட்டும் முந்திக்கொண்டது.
ஆடியில் மடுத்தீன் கிழவர்.
ஐப்பசியில், ஊர்த்தலைவர் தொம்மை பர்னாந்தின்
சொந்த அத்தை.
மூன்றாவதற்குப் பிறகுதான் மனு பிறந்தது என்று
நான் சொல்லவில்லை.
தேதி சொல்கிறது.

நீங்கள் மதுரையிலிருந்து வருகிறீர்கள்.
அவருக்குத் திண்டுக்கல்லுக்கு மேற்கே, செம்மண் பூமி.
அங்கே வெட்டிய குழி வெட்டியபடி நிற்குமாம்,
நாலு மூலையும் நறுக்கென்று,
ஆள் வரும்வரை காத்திருக்குமாம்.
இங்கே மணல். முழங்கால் ஆழத்தில் சரியும்.
பனம்பலகை கொடுத்து நிறுத்தினால்
இடுப்பளவில் உப்புநீர் ஊறும்.
அமாவாசைக்கு ஊற்று இன்னும் ஏறும்;
நாள் பார்த்தா சாகிறார்கள்?

அவர் வந்த முதல் வாடையில்
கரைவலை சிலுவைப்பிச்சையை எடுத்துப் போனோம்.
பெட்டியை இறக்கினோம்.
இறங்கவில்லை.
மிதந்தது சாமி.
தலைமாடு எழும்பி,
கரையில் கட்டிப்போட்ட வள்ளம் மாதிரி
மெல்ல ஆடிக்கொண்டு.
"போகமாட்டேங்கிறாரே" என்று அவன் பெண்டாட்டி அலற,
நாலு பேர் துடுப்பை ஊன்றி அமுக்க,
நான் மணலைத் தள்ளினேன்.
எங்களுக்கு இது பழக்கம்.
அவர் அதே வரியை நாலு தடவை வாசித்தார்,
பக்கம் புரட்டவில்லை.
அதன்பின் எந்தத் துக்க மணிக்கும்
ஊரில் இருந்ததில்லை.

பயந்தவர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
இரண்டாம் பக்கத்தில் குடிகாரர் என்றிருக்கிறதே,
அதை அடித்துவிடுங்கள்.
காசு பிடுங்கினார் என்பதையும்.
போகாத அடக்கத்துக்கு அவர் ஒரு ரூபாய் தொட்டதில்லை.

செபம் சொன்னது யார் என்கிறீர்களா?
நான்தான்.
லத்தீன் காலத்தில் காதில் விழுந்தது பாதி,
தமிழ் பாதி,
மறந்துபோன இடத்தில் மழைக்கு மன்றாடுவதைச் சேர்த்துக்கொண்டேன்.
குற்றமென்றால் என் பெயரையும் போடுங்கள்,
பஸ்தியான், கோயில்பிள்ளை, இருபத்தாறு வருஷம்.

மாற்றல் கடிதம் வந்த மறுநாள், விடியுமுன்
என் கதவைத் தட்டினார்.
"அந்த மூன்றையும் காட்டு."
எதைக் காட்ட?
தலைவரின் அத்தைக்குச் சிமெண்டு மேடை.
கிழவரும் பிள்ளையும்
இருக்கிற மேடுகளில் ஏதோ இரண்டு மேடு;
சிலுவைகள் சாய்ந்து மணலுக்குள் போயிருந்தன.
குத்துமதிப்பாகக் கையை வீசினேன்.
அவர் நம்பவில்லை.
கல்லறைத் தோட்டம் முழுக்கத் தெளிக்கத் தொடங்கினார்,
அடப்பங்கொடி மேலே, நண்டு வளையில்,
சுவருக்கு வெளியே
யாரையும் புதைக்காத இடத்திலும்.
பாதியில் குப்பி தீர்ந்தது.
இறங்கிப் போய்க் கடலில் முக்கினார்.
மந்திரித்ததாக எனக்குத் தெரியவில்லை, உதடு அசையவில்லை.
அங்கி இடுப்புவரை நனைந்து ஒட்டியிருக்க
திரும்பி வந்து மீதியை முடித்தார்.

அந்தத் தண்ணீர் செல்லுமா செல்லாதா
என்பது உங்கள் படிப்பு.
கீழே ஊறுவதும் அதே தண்ணீர்தான்,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கைநாட்டு எங்கே வைக்கணும்?
இங்கேயா?

சாமி,
மதியத்துக்கு ஒரு குழி இருக்கிறது.
பலகை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.
புதுச் சாமியார் இன்னும் வந்து சேரவில்லை.
உங்கள் பஸ் மூன்று மணிக்குத்தானே?