இரைச்சலுக்குக் கீழே

தொப்பூர் இறக்கம் முடியும் இடத்தில்
மாதையன் பட்டறைக்கு மேல்மாடி என் அறை.
வாடகை குறைவு. காரணம் சத்தம்.
சத்தத்துக்குள் தேடுவதுதான் பிழைப்பு என்பதால்
நான் பேரம் பேசவில்லை.

ஹவாய்த் தீவில் ஒரு கிண்ணம்,
நியூ மெக்சிகோவில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று.
மூன்றும் ஒரே வேளையில் ஒரே குவாசரைக் கேட்டுத்
தனித்தனியே எழுதிவைத்த கிறுக்கல்
நேற்றுதான் முழுதாக இறங்கியது,
நாலு முறை கரண்ட் போய் வந்த பிறகு.

ஒவ்வொன்றின் கடிகாரமும் கொஞ்சம் பொய்.
ஒவ்வொன்றின் தலைமேலும் வேறு வேறு ஈரக்காற்று.
இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து அடுத்தவனுக்கு,
அங்கிருந்து மறுபடி இவனுக்கு என்று
முக்கோணமாகக் கூட்டிக்கொண்டு வந்தால்
ஒருவன் பொய் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கிக்
கழிந்துபோகும்.
மிச்சம் வானம்.
பன்னிரண்டு வருடமாக இதே கணக்கு.
இந்த இடம் வரும்போது மட்டும் இன்னும்
நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

விடிகாலை மூன்றரைக்குப் படம் வந்தது.
நடுவில் வெளிச்சக் கரு,
வடமேற்காக ஒரே ஒரு தாரை,
தாரையில் மூன்று முடிச்சு.
கடைசி முடிச்சு சித்திரையில் இருந்த இடத்தில் இல்லை.
நகர்ந்த தூரத்தை நாளால் வகுத்தேன்:
ஒளியைப்போல் ஏழு மடங்கு.

கீழே மாதையன் ஒரு பத்துச் சக்கர லாரிக்கு அடியில் இருந்தார்.
“ஒளியவிட வேகமாவா? ஆகாதுன்னு படிச்சமே.”
ஆகாதுதான். ஏறக்குறைய நம் முகத்துக்கு நேரே வருவது
தன் வெளிச்சத்தையே துரத்திக்கொண்டு வருகிறது;
பல வருடத்தில் கிளம்பியதெல்லாம்
சில மாதத்துக்குள் வந்து விழுகிறது.
நட்டை முறுக்கியபடி யோசித்தார்.
“பிரேக் போன வண்டி மாதிரின்னு சொல்லு.
ஹாரன் காதுல விழறதுக்கும் வண்டி வர்றதுக்கும்
நடுவுல நேரமே இருக்காது.”
பிறகு கேட்டார்:
“மேல எந்த வளைவுல போச்சு பிரேக்கு?”

அந்த இடத்துக்கு என்னிடம் படம் இல்லை.
பூமி அகலத்துக்குக் கிண்ணம் விரித்தும்
கருவுக்குள் அது ஒரு புள்ளிகூட ஆகவில்லை.

கணவாயில் இறங்கும் லாரிகள் கண்ணைக் கூசவைத்தன.
பக்கத்துச் சாலையில் தர்மபுரிக்கு ஏறுபவையும்
ஏறக்குறைய அத்தனை இருக்கும்,
டோல்கேட்டில் கேட்டால் சொல்வார்கள்.
எனக்குத் தெரிந்தது சிவப்பாக இரண்டு புள்ளி.
திருப்பத்தில் அதுவும் போனது.

மாடிக்கு வந்து,
எதிர்த் தாரை என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று அடித்திருந்ததை அழித்து
‘இரைச்சலுக்குக் கீழே’ என்று மாற்றினேன்.
எவ்வளவு கீழே என்று
அடுத்த கட்டம் ஓர் எண் கேட்கிறது.
இன்னும் போடவில்லை.