துப்பும் வாளி

கூடலூரில் இறங்கும்போதே பர்வே சொல்லிவிட்டார்,
விழுங்க மாட்டோம், துப்புவோம் என்று.
ஒயின் ஆலை மேலாளர் குணாளன் கடைத்தெருவுக்கு ஓடி
ஒரு எவர்சில்வர் வாளி வாங்கிவந்தார்.
விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

நான் மொழிபெயர்க்க வந்தவள்.
நாளொன்றுக்கு இரண்டாயிரம், சாப்பாடு தனி.
திராட்சைப் பந்தலுக்கு அடியில் மேசை போட்டு
ஆறு பாட்டில்கள்.
பர்வே நாசிக்காரர். கோப்பையைச் சுழற்றி
மூக்கை உள்ளே விட்டு
ஈரக்கல் என்கிறார், பழைய தோல் என்கிறார்,
பென்சில் சீவிய தூள் என்கிறார்.
எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன்.
கல்தூண்களில் சாய்ந்திருக்கும் விவசாயிகள்
எழுந்து போய்விடலாமா என்று பார்க்கிறார்கள்.
"பழவாசமே அடிக்காதாமா?" என்றார் ஒருவர்.
அதை நான் இந்தியில் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டிலுக்குக் கண்ணை மூடி
போர்டோ என்றார் பர்வே.
அந்தச் சொல் மட்டும் அவர்களுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.
"போர்டோவா? பத்து நாளைக்கு ஒருக்கா அடிக்கிறோமே!
மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ,
எலையெல்லாம் நீலம் பூத்துப் போகும்."
செக்வேரா, கோவாவில் ஓட்டல் வைத்திருப்பவர்,
உதட்டை ஒற்றிக்கொண்டே
தலைக்கு மேல் தொங்கிய பன்னீர்க் குலையில்
ஒன்றைக் கிள்ளித் தின்றார், கழுவாமல்.
கொட்டையைத் துப்பவில்லை.

சிக்கந்தர் ராவுத்தர் தள்ளியே நின்றார்.
இந்த மூன்று ஏக்கர் பந்தல் அவருடையது.
"குடிக்கிறது இல்லைங்க.
மோந்து பாக்கறதுல ஒண்ணுமில்லையே?"
கோப்பையை வாங்கினார். சுழற்றவில்லை.
கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதுபோல் குனிந்தார்.
நேரமானது.

"ஐப்பசி மழை" என்றார்.
"மூணு நாள் விடாமப் பெஞ்சு பழம் வெடிச்சுப்போச்சு.
கேரளா வண்டிக்காரன் பெட்டியைத் திருப்பிவிட்டான்.
கிலோ எட்டு ரூபாய்னு
இந்தத் தம்பிதான் ஏத்திக்கிட்டுப் போச்சு."
குணாளன் வாளியைத் தூக்கிக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

என்ன சொல்கிறார், என்றார் பர்வே.
லேட் ஹார்வெஸ்ட், என்றேன்.
மகிழ்ந்துபோய் நோட்டில் எழுதிக்கொண்டார்,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.

சாயங்காலம் லோயர் கேம்ப் தாண்டி மலையேறினோம்.
பெரிய பெரிய குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர்
எங்களுக்கு எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருந்தது.
அதுதான் கீழே பழமாகிறது என்று சொல்லத் திரும்பினால்
எல்லோரும் தூக்கம்.

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து.
ஏலிக்குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து பரணியை இழுத்தாள்.
துணி கட்டிய வாய்.
கிராம்பு, பட்டை, ஒரு பிடி கோதுமை,
கம்பத்துப் பழம்.
கிறிஸ்துமஸுக்குப் போட்டதாம்.
கிறிஸ்துமஸ் போய் இரண்டு மாதம்.
பர்வே கோப்பையோடு அக்கம்பக்கம் தேடினார்.
வாளி கூடலூரில் இருந்தது.
ஏலிக்குட்டி இடுப்பில் கைவைத்து
அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.
விழுங்கினார்.
தம்ளரை மறுபடி நீட்டியபோது
என் வேலைக்கு அவசியமே இல்லாமல் போனது.

இரவு இறங்கும்போது எதிரே லாரிகள்,
பெட்டி பெட்டியாய்ப் பழம், கேரளாவுக்கு.
ஒரு வளைவில் ஒதுங்கி வழிவிட்டோம்.
கண்ணாடியை இறக்கினேன்.
திராட்சை, டீசல், ஈரச் சாக்கு.
வேறு சொல் எதுவும் தோன்றவில்லை.
எது யார் தோட்டத்துப் பெட்டியென்று
ராவுத்தர் இருந்தால் சொல்லியிருப்பார்.

பர்வேயின் மடியில் நோட்டு திறந்தே கிடந்தது.
பேனா என் பையில் இருந்தது.