இல்லை, இல்லை

கிரிம்ஸ்பியில் மீன் அறுக்கும் கூடம்.
நாலு மணிக்கு மேல்
ஹேடாக் பெட்டிகள் குறைந்து
குழாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும் மிஞ்சும்போது
கத்தியைத் துடைத்துக்கொண்டே ஐவார்ஸ் சொல்வான்:
ஐ ஆம் போரிங்.

இல்லை, இல்லை என்போம்.
கீத் அவன் தோளில் தட்டுவான்.
அவன் சொல்லாத கதைகளைக்கூட
பிரமாதம் என்று புகழ்ந்திருக்கிறேன் நான்.
லாட்வியாக்காரர்களுக்கே கொஞ்சம் தாழ்வு மனம் என்று
தேநீர் அறையில் முடிவுகட்டினார்கள்.

அலுக்கிறது என்று சொல்ல வந்தவன்
நான் ஓர் அறுவை என்கிறான்.
நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே
எனக்குப் புரிந்துவிட்டது.
சொல்ல வாயெடுத்தேன்,
அவன் முகத்தைப் பார்த்தேன்,
நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.
அந்த நாளை
ஆறு வருடம் நீண்டது.

பிப்ரவரியில் ஐஸ் பிரிவிலிருந்து மாறி வந்தாள் டோரீன்.
முதல் நாள், அவன் சொல்லி முடித்ததும்,
கையுறையை உதறிக்கொண்டே
ஆமாம்ப்பா, எனக்கும்தான், ஐ ஆம் போர்ட் என்றாள்,
பக்கத்திலிருப்பவனுக்கு உப்பை நகர்த்தி வைப்பவள்போல.

அவன் கத்தி நின்றது.
போர்ட், என்றான் உதட்டுக்குள்.
அப்படியானால் போரிங்?
டோரீன் சொன்னாள்.

பிறகு அவன் எண்ணத் தொடங்கினான்:
வீட்டுக்காரி.
வேலைக்கு எடுத்த மேலாளர்.
கிளீதார்ப்ஸ் கடற்கரையில் ஒரு ஞாயிறு
மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்.
அவளும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னாளாம்,
பிறகு பஸ் வந்துவிட்டதாம்.

உனக்குத் தெரியுமா, என்றான் என்னிடம்.
ஒரு மரியாதைக்குத்தான் சொல்லவில்லை, என்றேன்.
அந்தச் சொல் நாக்கில் செதிலாக ஒட்டிக்கொண்டது.

நான் சேர்ந்த அன்று
முள்ளோடு பாதிச் சதையையும் வீணாக்கிக்கொண்டிருந்தேன்.
அவன் மன்னிக்கவும் என்று ஆரம்பிக்கவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினான்.
கத்தி படுத்தவாக்கில் போனது,
சதை தாளாகக் கழன்று வந்தது.
திரும்பித் தன் மீனைப் பார்க்கப் போய்விட்டான்.
அதில் எனக்கு எந்த அவமானமும் இருக்கவில்லை.
இதையும் அவனிடம் சொன்னதில்லை.

இப்போது நாலு மணிக்குச் சரியாகச் சொல்கிறான்.
ஆமாம் என்கிறோம், கையைக் கழுவுகிறோம்.
கீத்தின் கை மட்டும் சில நாள்
பழக்க தோஷத்தில் அவன் தோள்வரை போய்,
என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி,
தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது.