இரைச்சல்

காலையில் எழுந்ததும்
இடது மணிக்கட்டைக் காதில் வைத்துப் பார்க்கிறேன்.
இரைகிறது.
சரி, இன்றைக்கும் ஆளுண்டு.

தேன்பெட்டியிலும் இப்படித்தான் காது வைப்பேன்.
மூடி திறக்காமலே தெரியும்
ராணி இருக்கிறதா, போய்விட்டதா என்று.
ராணி இல்லாத பெட்டி ஒரு மாதிரி முனங்கும்,
காய்ச்சல்காரன் உறக்கத்தில் முனங்குவதுபோல.

எல்லாம் எறும்பில் தொடங்கியது.
மாசியில் ரப்பர் துளிர்க்கும் நேரம்
ஆறுகாணிப் பக்கம் பெட்டிகளை இறக்கிவிட்டு
ஒதுங்கி நின்ற இடத்தில்
மறுநாள் எறும்புச் சாரை.
"தேன்காரனுக்க மூத்திரமும் தேன்தாம்லே"
றாபி சிரித்தான், நானும் சிரித்தேன்.
குலசேகரத்து வைத்தியர் நாடி பிடித்து
மதுமேகம் என்றார்.
மதுவைப் பற்றி எனக்கே பாடமா?
பன்னிரண்டு வருஷம் அதையும் சிரித்தே கழித்தேன்.

பிறகு ஒருநாள் உள்ளங்காலில் ஈ கொட்டியிருந்தது.
எனக்குத் தெரியவில்லை.
கொடுக்கைக் கண்டெடுத்தவள் சுகந்தி.
பிறகு அடையின் அறைக்குள்
அரிசிக் குருணைபோல நிற்கும் முட்டை தெரியவில்லை.
வெயில் போதாது என்றேன், நட்டுச்சைக்கு.
பிறகு முகம் வீங்கியது.
ஈ கொட்டின வீக்கம் என்று
சுண்ணாம்பு தடவினாள் பாவம்.

முன்பு ஒரு நோய் வந்து
மார்த்தாண்டத்துப் பெட்டிகள் பாதி காலியானது.
புழு கூட்டுப்புழு ஆகாமல்
தன் தோலே பையாகி, பைக்குள் வெள்ளம் கட்டிச் சாகும்.
குச்சியால் எடுத்தால்
துளி தொங்குவதுபோல் தொங்கும்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில்
என் காலை நானே அமுக்கினேன்,
விரல் பதிந்த குழி எழும்பவில்லை.
உடனே அந்தப் புழுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் பையன் கையில் தமனியையும் சிரையையும்
ரப்பர்க் கம்பில் மொட்டு ஒட்டுவதுபோல ஒட்டினான்.
"ஆறு வாரம் பழுக்கட்டும்."
பழுத்தது.
இந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது,
பிரஷர் பார்க்கக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது,
தலைக்கு வைத்து உறங்கக் கூடாது.
எனக்கே கிடைக்காத மரியாதை.

திங்கள், புதன், வெள்ளி
இருட்டோடு பஸ் ஏறுகிறேன்.
அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி,
எல்லா நிறுத்தத்திலும் மட்டிக் குலை தொங்குகிறது.
தொடக் கூடாது. இளநீர் கூடாது.
வெள்ளம் ஒரு நாளைக்கு ஒரு குப்பி,
மருந்து விழுங்குவதும் அதில்தான் சேரும்.

நாலு மணிநேரம் இரத்தம் வெளியே போய்
நாகரிகமாகத் திரும்பி வருகிறது.
அனிஷா சொல்கிறாள்,
இரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்கு ஆளனுப்பியதும்
அந்த இரண்டு அவரைவிதைகள்தானாம்,
அதற்குத்தான் இந்த ஊசி.
நான் நினைத்தேன், வடிகட்டி மட்டும் என்று.
பகலில் ஈ கொண்டுவருவது வெறும் இனிப்பு வெள்ளம்.
இரவெல்லாம் சிறகை விசிறி விசிறி
வெள்ளத்தை விரட்டினால்தான் தேன்.
விரட்டாதது புளித்துப் பொங்கும்.
அந்த விசிறல் எனக்குள்ளும் நடந்திருக்கிறது
ஐம்பத்து மூன்று வருஷம்,
ஒரு இரவு காது வைத்துக் கேட்டதில்லை.

பக்கத்துக் கட்டில் கிளீட்டஸ், குளச்சல்காரர்.
போன புதன் கையை நீட்டினார்:
"ஓய், எனக்கது நின்னு போச்சோ, கேட்டுச் சொல்லும்."
கேட்டேன்.
ஈ ஓடிப்போன பெட்டி.
சொல்லாமல் அனிஷாவைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை
கழுத்தில் குழாயோடு வந்து உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு என் கையை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.
"கடலு கிடந்து இரையுது, ஓய்."
ஈ என்று திருத்தப் போனேன்,
அதற்குள் எடை பார்க்கக் கூப்பிட்டார்கள்.

மூன்றரைக் கிலோ கூடுதல்.
அத்தனையும் வெள்ளம்.