நியூட்ரல்

இரவு இரண்டே கால்.
ஹீட்டரின் ஆரஞ்சுக் கம்பி
ஒரு தரம் முனகிக்
கறுத்தது. கூடவே விளக்கும்.

ஸ்விட்சை நாலைந்து முறை தட்டினேன்.
எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.
பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன்.
வயரைக் கழுத்தருகே நெளித்துப் பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிகிறது.
எங்கள் ஆபீசைத் திட்டவும் வழியில்லை.

ஜெகதளாவில் தை மாதக் குளிர்
தரையிலிருந்து ஏறும்.
இரண்டு சாக்ஸ் போட்ட காலுக்குள்
மூன்றாவது சாக்ஸாக நுழையும்.

எட்டு வருடமாக மீட்டர் படிக்கிறேன்.
அருவங்காடு வரைக்கும்
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும்.
கரண்டை எண்ணாகத்தான் தெரியும்,
ஆளாகத் தெரியாது.

போன் வெளிச்சத்தில் டெஸ்டரை எடுத்து
பக்கத்து பிளக் பாயிண்டில் வைத்தேன்.
வலது துளை, எரிந்தது.
இடது துளை, அதுவும் எரிந்தது.
எரியக் கூடாத துளை.

லைன்மேன் சகாயநாதன்
டீ ஆற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னது:
"ரெண்டு ஓட்டையும் எரிஞ்சா நியூட்ரல் விட்டுப்போச்சு மேடம்.
வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்ல,
வீட்டுக்குள்ளயே நிக்கும்."

நின்றுகொண்டிருந்தது.

மெயின் போர்டு கீழே, ஆல்துரை வீட்டு நடையில்.
போன வாரம் அதன் அடியில்தான் கத்தினோம்:
என் சப்-மீட்டர் நாற்பத்தோரு யூனிட் கூட ஓடியதென்று அவரும்
ஓடவே இல்லையென்று நானும்.
"ஊருக்கே கணக்கு எழுதுறவங்க..." என்று அவர் ஆரம்பித்ததை
முடிக்க விடாமல் படியேறி வந்திருந்தேன்.

மூன்று மணி வரை போர்வைக்குள்
ரோஷத்தோடு படுத்திருந்தேன்.
முழங்காலுக்குக் கீழே ரோஷம் சூடு தருவதில்லை.

இறங்கிப் போய்த் தட்டக் கையை ஓங்குமுன்
கதவு திறந்தது.
குரங்குக் குல்லா, அதன்மேல் இன்னொரு குல்லா, கையில் டார்ச்.
அவர் வீட்டிலும் அதே நேரத்திலிருந்து இருட்டு.
மேலே வந்து கேட்க அவருக்கும் கால் வரவில்லை.

"நீங்க ஈ.பி. தானே?"
"நான் எண் மட்டும்தான் படிப்பேன்."
"நான் வெடிமருந்து ஃபேக்டரில முப்பத்தோரு வருஷம்.
பயப்படாம எதையும் தொட்டதில்ல."

மெயினை இறக்கினோம்.
இறங்கிவிட்டதா என்று
அவர் ஒரு முறை, நான் ஒரு முறை
டெஸ்டர் வைத்துப் பார்த்தோம்.

மூடியைக் கழற்றினால்
கறுப்பு வயர், திருகின் பிடியிலிருந்து நழுவி
நுனி பச்சை பூத்து
ஓர் அரிசி தூரத்தில் நிற்கிறது.
அவ்வளவுதான். ஓர் அரிசி.

பேனாக்கத்தியால் பச்சையைச் சுரண்டினேன்.
டார்ச் வெளிச்சம் நடுங்கியது.
"ஆட்டாம பிடிங்க."
"குளிருது."
அதில் தகராறு இல்லை.

திருகை அரைச் சுற்று. இன்னும் கால் சுற்று.
மெயினை அவர் ஏற்றினார்.

அவர் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமியது.
மாடியிலிருந்து ஹீட்டரில் தூசி கருகும் வாசம்
படிவழியே மெல்ல இறங்கியது.

போர்டில் இரண்டு சப்-மீட்டரும்
சிவப்புப் புள்ளியைச் சிமிட்டத் தொடங்கின.
பழக்கதோஷம், என் கை பேனாவைத் தேடியது.
அவர் கை மூக்குக்கண்ணாடியை.

என்ன நினைத்தாரோ,
டார்ச்சை அணைத்துவிட்டார்.
நாற்பத்தோரு யூனிட்டும்
இருட்டில் அப்படியே இருந்தது.