பிசுக்கு

வலப்பக்கம் போகும் ஊரில்
வலப்பக்கமே ஸ்டியரிங் வைத்த வண்டி.
ஜப்பானில் பழசாகி
யாங்கோனுக்குக் கப்பலேறி வந்தது.
இருபத்தாறு வயது.
முன்னால் போகிறவனை முந்த வேண்டுமென்றால்
பக்கத்து சீட்டைத்தான் கேட்க வேண்டும்:
'எதிரே ஏதும் வருகிறதா?'

தக்கேத்தாவில், பாலம் இறங்கியதும் இடக்கைத் தெரு,
டோ மியா சீனிடம் விலை பேசினேன்.
எஞ்சினைக் கேட்டேன், இருமவில்லை.
கதவைச் சாத்தினேன், சாத்திக்கொண்டது.
ஸ்டியரிங்கைப் பிடித்தேன்,
அது என்னைப் பிடித்துக்கொண்டது.

பலாச்சுளை எடுத்த கைபோல
விரலை இழுத்தால் நூல் வந்தது.
பிடியின் குழிகளிலெல்லாம்
வெளிறிய மஞ்சள் தூள்.
தனாக்கா.

'கன்னத்துக்குப் பூசின கையோடவே ஓட்டுவீங்களாம்மா?
ஒருநாளாவது துடைச்சதுண்டா?'

பர்மியில் கேட்டேன், நன்றாக உறைக்கும்படி.
அவர் இரண்டு கையையும்
லுங்கியில் துடைத்துக்கொண்டார்.
'தினமும் துடைப்பேன்.'
'தெரியுது' என்றேன்.
புரோக்கர் சிரித்தான்.
அந்தச் சிரிப்பில் மூன்று லட்சம் சாட் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. தாம்வே. கரண்ட் இல்லை.
மகள் வளர்ந்து விட்டுப்போன பச்சைப் பள்ளி லுங்கியைக்
கிழித்துக் கிழித்துப் போட்டாள் பத்மாசனி.
முதலில் வெந்நீரும் பாத்திர சோப்பும்.
அடுத்து எதிர்வீட்டு கோ துராவின் யோசனை, மண்ணெண்ணெய்:
வண்டி முழுக்க நாற்றம், பிசுக்கு இரண்டு மடங்கு.
பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்.
துணி கறுத்தது.
ஆகா, இத்தனை வருஷத்து அழுக்கு என்று
அவரைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.
இரண்டாம் துணி கறுத்தது.
ஒன்பதாம் துணியும்
முதல் துணி அளவே கறுத்தது.

அழுக்கென்றால் குறைய வேண்டுமே.

கம்பிகளுக்குப் பின்னால்,
தண்டு டாஷ்போர்டுக்குள் நுழைகிற இடத்தில்,
யார் கையும் எட்டாத சந்தில்
சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தேன்.
அங்கேயும் ஒட்டியது.
அங்கே எந்தக் கன்னத்துத் தனாக்கா?
எவர் வியர்வை?

யாரும் பூசியதல்ல.
வெயிலிலும் மழைப்புழுக்கத்திலும்
வெந்து வெந்து
சக்கரம்தான் தன்னைத் தானே
கசிந்துகொண்டிருக்கிறது.
நான் துடைத்தெடுத்த ஒன்பது துணியும்
அழுக்கல்ல, ஸ்டியரிங்.

'என்ன, தேய்ச்சே தீர்த்துடுவீங்களா?' என்றாள் பத்மாசனி.
உள்ளே போனேன்.
கண்ணாடி முன்னால் அவளுடைய தனாக்கா டப்பா.
ஒரு பிடி அள்ளி வந்து
பிடி நெடுகத் தூவித் தடவினேன்.
உடனே உலர்ந்தது.
திருப்பினால் திரும்பியது, கையை விட்டது.
குழிகளில் மட்டும்
வெளிறிய மஞ்சள் தங்கியது,
அவர் வைத்திருந்த
அதே அதே இடங்களில்.

திங்கட்கிழமை முதல் சவாரி.
காதில் பட்டன் போன் செருகிய பையன்,
சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
என் கையைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான்.
'இதை எல்லாம் துடைக்கிறதே இல்லையா, அண்ணே?'
'தினமும் துடைக்கிறேன்.'
'தெரியுது' என்று
ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

மூன்று லட்சம் இப்போது கையில் இல்லை.
முன்பக்கத்து இரண்டு டயராகி
அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.
அதன் மேல்தான் பாலம் ஏறுகிறேன்.
இறங்கினால் இடப்பக்கம் அந்தத் தெரு.
இந்த சீட்டிலிருந்து அது தெரியாது.

'தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லு,
அந்த முனையில் ஒரு அம்மா நிக்கிறாங்களா?'

'யாருமில்லை, போங்க' என்றான்
போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.
வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.
பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தினான்.
உள்ளங்கை வியர்த்து
மறுபடி ஒட்டத் தொடங்கியது.