அரை விநாடி

"நான் கையெழுத்துப் போ—"
அவ்வளவுதான். காதுக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல.
அரை விநாடி கழித்து
"—ங்க மிஸ்" என்கிறார் பதுளைக்காரர்.

போட்டேங்களா, போடலைங்களா?
காப்புறுதிக் கம்பனிக்கு அது நாலு இலட்சம்.
கேட்டுத் தட்டச்சுகிற எனக்கு
நிமிடத்துக்குப் பதினெட்டு ரூபா.

பின்னால் ஓட்டிக் கேட்டால் தெளிவாக இருக்கிறது: போடலைங்க.
ஆக, ஓட்டை பதிவில் இல்லை,
நோர்வூட்டில், என் மேசையில்தான்.

எனக்குத் தெரியாமல் விழுகிறதுதான் பயம்.
கொழும்பிலிருந்து டிலானி மிஸ் மூன்று பக்கம் திருப்பி அனுப்பினார்.
மூன்றிலும் நான் விட்டிருந்த சொல்
'இல்லை'.

முதலில் கேபிளைக் குற்றம் சொன்னேன்.
ஹட்டனுக்கு பஸ் ஏறிப் புதிது வாங்கினேன்.
அதுவும் விழுந்தது.
யுஎஸ்பி துளையை மாற்றினேன்,
டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன்,
கணினியைத் தூங்கவிடாமல் வைத்தேன், நானும் தூங்கவில்லை.
கணினியையே கழற்றி எறிந்துவிட்டு
ஆம்பில் கைபேசியைச் செருகி வானிலை அறிக்கை கேட்டேன்.
"மத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் மழை"
என்றதும் போய்விட்டது.
பெய்யுமா பெய்யாதா என்று தகரத்தைக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு
வெறும் காதைப் பெட்டிமேல் வைத்தேன்.
டிக்.
பேனா மூடியை மூடுகிற சத்தம்.
உள்ளே ஒரு ரிலே.
கரண்ட் குறைந்தால்
ஹெட்போன் கெடாமலிருக்கத் தானே துண்டித்துக்கொள்ளும்.
பழுதே இல்லை. அதன் வேலையைத்தான் பார்த்திருக்கிறது,
நான்தான் ஒரு மாதமாகத் திட்டியிருக்கிறேன்.

பெட்டியின் முதுகில் பதினைந்து வோல்ட் என்று இருக்கிறது.
கட்டார் போகுமுன் விற்ற கண்டி பஸ்லான்
கூடவே தந்த கனத்த அடாப்டரில் பன்னிரண்டு.
"வேலை செய்யும் தங்கச்சி."
செய்தது, சுவரில் இருநூற்று முப்பது இருக்கும்வரை.
மீட்டரைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருநூற்று இருபத்தெட்டு.
இருபத்தாறு.
டிக்: நூற்றுத் தொண்ணூற்றொன்று.

விழுந்த நேரங்களைக் கொப்பியில் எழுதி வந்தேன்.
போனுக்கு சார்ஜ் போட வந்த தவக்கொடி
அதைப் புரட்டினாள்.
"இது காத்தாடி போடுற நேரம்ல?
தம்பி ஸ்டோர்ல இருந்தப்ப சொல்லுவான்.
கொழுந்து நெறைஞ்சா எட்டு, இல்லாட்டி மூணு."

ஸ்டோர் மேட்டுக்கு அந்தப் பக்கம்.
மழையில் இங்கே ஒன்றும் கேட்காது.
கம்பி மட்டும் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமையில் அவள் விரல் நின்றது.
எட்டு டிக்.
புதன் எட்டு. வியாழன், நான் நித்திரையாகும்வரை ஏழு.
"கொழுந்து இல்லன்னு
அந்தக் கிழமதானே எங்களுக்கு அரைப்பேரு போட்டாங்க."
கொப்பியை மூடவும் இல்லை, தரவும் இல்லை.
போனைப் பிடுங்கும்போது பார்த்தேன்,
அந்தப் பக்கங்களைப் படம் எடுத்திருந்தாள்.

சம்பளத்தில் பதினைந்து வோல்ட் அடாப்டர் வாங்கினேன்.
பதுளைக்காரர், வவுனியாக்காரர்,
முழுப்பேச்சும் முழுதாக வருகிறது.
டிலானி மிஸ்ஸிடமிருந்து ஒன்றும் திரும்பி வருவதில்லை.

வேறொருவர் திரும்பி வருகிறார்.
"நேத்து எத்தனை?" என்கிறாள் தவக்கொடி வாசலில் நின்று.
தெரியாது என்றேன். நல்ல அடாப்டர், ஒன்றும் விழவில்லை.
திருத்தியதற்கு மன்னிப்புக் கேட்பது போலிருந்தது.

அதனால் இப்போது வேலை முடிந்ததும்
பழைய பன்னிரண்டை எடுத்துச் செருகுகிறேன்.
ஹெட்போன் இல்லை, பாட்டு இல்லை.
கொப்பி, பேனா, முழங்கையில் தலை.

டிக்.
பத்து நாற்பத்து மூன்று.